குழந்தைகள் உதவி எண்ணில் மெஷின் லேர்னிங் வேலை: புதிதாகச் சேர்பவர்களுக்கு

குழந்தைகள் உதவி எண்ணுக்கு வரும் அழைப்புகளில் பல பேச்சே இல்லாதவை. போனை எடுத்ததும் மூச்சுச் சத்தம் கேட்கும், பின்னால் டிவி ஓடும், சில நொடிகளில் இணைப்பு துண்டிக்கப்படும். வேறொரு கால் சென்டரில் இவற்றை வெற்று அழைப்பு என்று கழித்துவிட்டு மிச்சத்தை வைத்து மாடல் செய்வார்கள். இங்கே அப்படிச் செய்யக் கூடாது. யார் எடுக்கிறார்கள், குரல் எப்படி இருக்கிறது, திட்டுவார்களா என்று பார்த்துவிட்டு வைக்கிற குழந்தை நான்காவது, ஐந்தாவது முறைதான் வாயைத் திறக்கலாம். விளையாட்டுக்குக் கூப்பிட்டுச் சிரித்துவிட்டு வைக்கும் குழந்தையும் இதே சோதனையைத்தான் செய்துகொண்டிருக்கலாம். அந்த வரிகளை டேட்டாவிலிருந்து நீக்கினால், உதவி தேடி வந்த பாதையின் முதல் பாதி அழிந்துவிடும்.

மெஷின் லேர்னிங் ஓரளவு தெரிந்து, இப்படிப்பட்ட தொண்டு அமைப்பில் புதிதாகச் சேர்பவருக்காக இந்தக் கட்டுரை. எல்லா முடிவுகளுக்கும் அடியில் இருக்கும் விதி ஒன்றுதான்: குழந்தைக்கும் கேட்கும் மனிதருக்கும் நடுவில் மாடல் நிற்கக் கூடாது. அந்த மனிதர் சீக்கிரம் கிடைக்க மாடல் உதவினால் போதும்.

சேர்வதற்கு முன்

தேவைப்படும் தொழில்நுட்பம் பிரம்மாண்டமானதல்ல. எஸ்க்யூஎல், பைதான், புள்ளியியலில் உறுதியான அடித்தளம் ஆகியவற்றோடு, ஒரு எளிய லாஜிஸ்டிக் ரிக்ரஷன் ஏன் தவறுகிறது என்று கணினி தெரியாத ஒருவருக்கு விளக்கும் பொறுமையும் இருந்தால் போதும். பல அமைப்புகளில் இந்தத் துறை தெரிந்தவர் நீங்கள் ஒருவராகவே இருப்பீர்கள். டேட்டாவைச் சுத்தம் செய்வதும், சர்வரைக் கவனிப்பதும், அறிக்கை எழுதுவதும் உங்கள் தலையில்தான் விழும்.

திறமையைக் காட்ட ஒரு மாதிரி ப்ராஜெக்ட் செய்வதாக இருந்தால், பொது மன்றங்களில் தற்கொலை பற்றி எழுதியவர்களின் பதிவுகளைத் திரட்டி வகைப்படுத்துவதைத் தவிர்த்துவிடுங்கள். பெரியவர்கள் ஊரறிய எழுதும் மொழி வேறு, ஒரு குழந்தை முன்பின் தெரியாத ஒருவரிடம் தயங்கித் தயங்கிச் சொல்லும் மொழி வேறு. அழைப்புகள் வருவதையும் காத்திருப்பதையும் போலியாக உருவாக்கி, எத்தனை பேர் இருந்தால் எவ்வளவு நேரம் காத்திருக்க நேரும் என்று கணக்கிடும் ஒரு சிறிய நிரல் எவ்வளவோ மேல். நிஜக் குழந்தையின் ஒரு சொல்கூட அதற்குத் தேவையில்லை.

நேர்காணலில் நீங்களும் கேட்க வேண்டியவை உண்டு. குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர் யார்? மாடலை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? உரையாடல்களை எத்தனை மாதம் வைத்திருக்கிறார்கள்? வெளியே எந்த நிறுவனத்துக்காவது அவை போகின்றனவா? பதில் இல்லையென்றால், சேர்ந்த பிறகு உங்கள் முதல் வேலை அந்த நான்கு பதில்களையும் எழுத்தில் வாங்குவதுதான்.

முதல் மாதம்: கேட்பது மட்டும்

முதல் நான்கு வாரங்கள் மாடல் எதுவும் வேண்டாம். ஆலோசகர்களுக்கு நடத்தும் அதே பயிற்சியில் உட்காருங்கள். குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சியையும் பின்னணிச் சரிபார்ப்பையும் முடித்துவிடுங்கள். பிறகு அனுமதியோடு ஷிப்டுகளில் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். மாலை ஒன்று, நள்ளிரவு ஒன்று, வார இறுதி ஒன்று, குறைந்தது இந்த மூன்றும் வேண்டும். மாலை ஐந்து மணிக்கு வரும் பேச்சும் இரவு ஒரு மணிக்கு வரும் பேச்சும் ஒன்றாக இருப்பதில்லை.

கேட்டுக்கொண்டே ஒரு வரைபடம் போடுங்கள். குழந்தை எண்ணை அழுத்துகிறது, பதிவு செய்த குரல் ஒலிக்கிறது, வரிசையில் நிற்கிறது, ஆலோசகர் எடுக்கிறார், பேச்சு முடிகிறது, அவர் குறிப்பு எழுதுகிறார், வகையைத் தேர்ந்தெடுக்கிறார், தேவைப்பட்டால் வேறு துறைக்கு அனுப்புகிறார். ஒவ்வொரு படிக்கும் எதிரே, டேட்டாபேஸில் எந்தக் கட்டம் நிரப்பப்படுகிறது, அதை யார் நிரப்புகிறார், எப்போது நிரப்புகிறார் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

புதியவர்கள் அதிகம் சறுக்குவது அந்த ‘எப்போது’ என்ற இடத்தில். வயது, பாலினம், பிரச்சினையின் வகை எல்லாம் பேச்சு முடிந்த பிறகு பதிவாகின்றன. வரிசையில் நிற்கும் குழந்தையின் அவசரத்தைக் கணிக்கும் மாடலுக்கு அவற்றைக் கொடுத்தால் சோதனையில் மிக உயர்ந்த துல்லியம் காட்டும். நிஜத்தில் அந்த நேரத்தில் அந்தக் கட்டங்கள் காலியாக இருக்கும்.

டேட்டாவைத் திறப்பதற்கு முன்

இரண்டு எழுத்துப்பூர்வமான நடைமுறைகள் கையில் இல்லாமல் ஒரு உரையாடலையும் திறக்காதீர்கள்.

முதலாவது, பழைய உரையாடலைப் படிக்கும்போது ஒரு குழந்தை ஆபத்தில் இருந்தது தெரிகிறது, ஆனால் எந்த நடவடிக்கையும் பதிவாகவில்லை என்றால் என்ன செய்வது? அந்த உரையாடலின் பதிவு எண்ணைக் குறித்துக்கொண்டு, உரையைப் பிரதி எடுக்காமல், அன்றைக்கே பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும். குழந்தையை நீங்களே தொடர்புகொள்ள முயலக் கூடாது. அவர் விடுப்பில் இருந்தால் யாரிடம் சொல்வது என்பதும் அந்தத் தாளில் இருக்க வேண்டும்.

இரண்டாவது படங்களைப் பற்றியது. சாட்டில் குழந்தைகள் படங்களும் அனுப்புவார்கள். அவற்றில் சிலவற்றை வைத்திருப்பதே பல நாடுகளில் குற்றம். ஆராய்ச்சி என்ற காரணம் செல்லும் என்று நம்பாதீர்கள். ஆகவே இணைத்து அனுப்பும் கோப்புகள் உங்கள் பகுப்பாய்வு சர்வருக்கு வரவே கூடாது, உரை மட்டும் வர வேண்டும். தன் படம் பரவுகிறதே என்று பயந்து வரும் குழந்தைக்கு ஆலோசகர்கள் காட்டக்கூடிய வழி உண்டு. அமெரிக்காவின் காணாமல்போன, சுரண்டப்படும் குழந்தைகளுக்கான தேசிய மையம் நடத்தும் ‘டேக் இட் டவுன்’ என்ற சேவை, படத்தைக் குழந்தையின் கருவியிலேயே வைத்துக்கொண்டு அதன் கைரேகை போன்ற ஹாஷ் எண்ணை மட்டும் எடுத்து, சேவையில் பங்கேற்கும் தளங்களுக்குத் தருகிறது. இதைத் திரும்ப உருவாக்க நீங்கள் முயல வேண்டாம்.

இனி அடையாளம் நீக்குவது. போன் எண்ணுக்குப் பதிலாக வெறும் ஹாஷ் வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பத்து இலக்க எண்கள் மொத்தம் 1000 கோடிதான். அத்தனைக்கும் ஹாஷ் போட்டு ஒப்பிட்டு, எண்ணைக் கண்டுபிடிப்பது இன்றைய கணினிக்குச் சிறிய வேலை. ரகசியச் சாவியோடு சேர்த்துப் போடும் எச்மேக் முறை வேண்டும், அந்தச் சாவி டேட்டா இருக்கும் இடத்தில் இருக்கக் கூடாது. ஒரே குழந்தை மீண்டும் மீண்டும் வருவதை அடையாளம் தெரியாமலே இணைக்க இது உதவும்.

பெயர்களை நீக்கும்போது எல்லாரையும் ‘நபர்’ என்று மாற்றினால் உரையாடலே செத்துவிடும். யார் அடித்தார்கள், யாரிடம் சொல்லப் பயம் என்பதுதானே செய்தி? உறவுச் சொற்களை விட்டுவைத்து, பெயர்களை மட்டும் நபர் 1, நபர் 2 என்று அந்த உரையாடலுக்குள் சீராக மாற்றுங்கள். பள்ளி, தெரு, டியூஷன் மாஸ்டர் பெயர், கேம் ஐடி எல்லாம் அடையாளங்களே. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதும் குழந்தை பெயரைச் சிறிய எழுத்தில், நான்கு விதமாக எழுதும். போன் எண்ணை ‘ஒன்பது எட்டு’ என்று சொல்லாகவும் எழுதும். ஆயத்தக் கருவி இவற்றைப் பிடிக்காது. 300 செய்திகளைக் கையால் சரிபாருங்கள். ஒரு கசிவும் கிடைக்கவில்லை என்றாலும் கசிவே இல்லை என்று பொருளாகாது. மூன்றை மாதிரி எண்ணிக்கையால் வகுக்கும் எளிய விதிப்படி, 95 சதவீத நம்பிக்கையோடு சொல்ல முடிவது ‘1 சதவீதத்துக்கு மேல் இருக்காது’ என்பது மட்டுமே.

வெளியே போகும் அட்டவணைகளில் 5-க்குக் குறைவான எண்ணிக்கையை மறைப்பது வழக்கம். ஒரே ஒரு கட்டத்தை மறைத்து மொத்தத்தைக் காட்டினால் கழித்துக் கண்டுபிடித்துவிடலாம் என்பதால் இன்னொரு கட்டத்தையும் சேர்த்து மறையுங்கள்.

முதல் பணி: எந்த நேரத்தில் எத்தனை பேர்

எல்லாரும் ஆபத்தைக் கணிக்கும் மாடலில் தொடங்க ஆசைப்படுவார்கள். அங்கே தொடங்காதீர்கள். ஷிப்ட் திட்டமிடலில் தொடங்குங்கள். ஒரு குழந்தையின் சொல்லைக்கூடப் படிக்காமல் செய்யலாம், தவறு நேர்ந்தாலும் மேற்பார்வையாளர் திருத்திவிடுவார், பலனோ மிகப் பெரியது.

கணக்கைப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் 12 சாட்கள் வருகின்றன, ஒவ்வொன்றும் குறிப்பு எழுதுவது உட்பட 40 நிமிடம் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 12-ஐ 40-ஆல் பெருக்கி 60-ஆல் வகுத்தால் 8. அதாவது 8 ஆலோசகர்கள் இடைவிடாமல் செய்யும் வேலை. சரியாக 8 பேரை வைத்தால் வரிசை வளர்ந்துகொண்டே போகும். வரிசையில் காத்திருக்கும் நேரத்தைக் கணக்கிடும் எர்லாங் சி சூத்திரத்தின்படி 9 பேர் இருந்தால் சராசரிக் காத்திருப்பு 26 நிமிடம், 10 பேர் இருந்தால் 8 நிமிடம், 12 பேர் இருந்தால் ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவு. ஒன்பதாவது ஆளுக்குப் பக்கத்தில் பத்தாவது ஆளை உட்கார வைத்தால் 18 நிமிடம் குறைகிறது. எந்த நியூரல் நெட்வொர்க்காலும் குழந்தைக்கு இவ்வளவு எளிதாக இதைத் தர முடியாது. இந்த அட்டவணையை நிர்வாகத்திடம் காட்டுங்கள்.

அந்தச் சூத்திரம் யாரும் பாதியில் விலகமாட்டார்கள் என்று கருதுகிறது. குழந்தைகள் விலகுவார்கள். அறைக் கதவு திறக்கும், போனை மறைக்க வேண்டியிருக்கும். விலகுவதையும் கணக்கில் எடுக்கும் எர்லாங் ஏ முறையோ, ஒரு சிறிய சிமுலேஷனோ நிஜத்துக்கு நெருக்கமாக வரும். ஒரே ஆலோசகர் இரண்டு சாட்களை ஒன்றாகப் பார்க்கும் இடங்களில், அவர் முடிக்கும் வேலை இரட்டிப்பு ஆகிறது என்று கணக்குப் போடாதீர்கள். ஒவ்வொரு சாட்டும் நீளும்.

முன்கணிப்புக்கு முதல் அளவுகோல், கடந்த 6 வாரங்களின் அதே கிழமை, அதே மணி நேரத்துச் சராசரி. பள்ளி நாட்காட்டி, தேர்வு முடிவு நாள், விடுமுறை, விளம்பரம் ஒளிபரப்பாகும் நேரம் ஆகியவற்றைச் சேர்த்த பிறகும் உங்கள் மாடல் அந்தச் சராசரியை வெல்லவில்லை என்றால் சராசரியையே பயன்படுத்துங்கள்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. எடுக்கப்பட்ட அழைப்புகளை மட்டும் எண்ணினால், ஆள் இல்லாத நேரம் தேவை இல்லாத நேரம் போலத் தெரியும். அதைப் பார்த்து ஆட்களைக் குறைத்தால் அடுத்த மாதம் எண்ணிக்கை இன்னும் குறையும், மாடல் தன்னைத் தானே மெய்ப்பித்துக்கொள்ளும். பிஸி ஒலி கேட்டவை, வரிசையில் விலகியவை எல்லாவற்றையும் தொலைபேசிச் சேவை தருபவரிடமிருந்து கேட்டு வாங்குங்கள். அதே குழந்தை பத்து நிமிடத்தில் ஆறு முறை அழுத்தியிருந்தால் அதை ஒரு தேவையாகச் சேருங்கள்.

லேபிள்களை நம்புவதற்கு முன்

ஆலோசகர் தேர்ந்தெடுத்த வகை என்பது கனமான ஒரு பேச்சை முடித்துவிட்டு, அடுத்த அழைப்பு காத்திருக்கையில் ஒருவர் அழுத்தியது. பட்டியலில் முதலில் இருப்பதும் ‘மற்றவை’ என்பதும் அளவுக்கு மீறி நிரம்பியிருக்கும். பட்டியல் எந்தத் தேதிகளில் மாறியது என்று விசாரியுங்கள். வரைபடத்தில் ஒரு வகை திடீரென்று சரிந்தால் பெரும்பாலும் காரணம் அதுதான்.

200 உரையாடல்களை இரண்டு அனுபவமிக்க ஆலோசகர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் குறிக்கட்டும். ஒத்துப்போகும் சதவீதத்தைப் பார்த்து மகிழ்ந்துவிட வேண்டாம். இருவரும் ஆளுக்கு 6 உரையாடல்களை அதி அவசரம் என்று குறித்து, அவற்றில் 3 மட்டும் பொதுவாக இருந்தால், 200-இல் 194 ஒத்துப்போகிறது, அதாவது 97 சதவீதம். தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு அளக்கும் கோஹன் கப்பா போட்டுப் பார்த்தால் 0.48 மட்டுமே (முழு ஒற்றுமை என்றால் 1). அரிதாக நிகழும் ஒன்றை எண்ணும்போது ‘இல்லை, இல்லை’ என்ற ஒற்றுமை எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. எங்கே வேறுபட்டார்கள் என்று இருவரையும் உட்கார வைத்துப் பேசச் சொல்லுங்கள். அந்தப் பேச்சில் வரும் விளக்கம்தான் உங்கள் லேபிள் கையேடு.

பயிற்சி, சோதனை என்று பிரிக்கும்போது செய்திவாரியாகப் பிரிக்காதீர்கள். ஒரே குழந்தையின் பேச்சு இரண்டு பக்கமும் விழுந்து மாடல் அந்தக் குழந்தையையே மனப்பாடம் செய்துவிடும். குழந்தைவாரியாகவும், பழையது பயிற்சிக்கு, புதியது சோதனைக்கு என்று காலவாரியாகவும் பிரியுங்கள்.

அவசரத்தை முன்னே கொண்டுவருவது

சாட்டில் காத்திருக்கும்போது குழந்தை எழுதும் முதல் செய்தியை வைத்து, யாரை முதலில் எடுப்பது என்று உதவும் மாடல் பயனுள்ளது, ஆபத்தானதும்கூட. 10,000 தொடர்புகளில் 2 சதவீதம், அதாவது 200, அதி அவசரம் என்று கொள்வோம். மாடல் அவற்றில் 90 சதவீதத்தைப் பிடிக்கிறது, அவசரமில்லாதவற்றில் 5 சதவீதத்தைத் தவறாகக் கொடி காட்டுகிறது. 180 சரியான கொடி, 490 தவறான கொடி. கொடி விழுந்தவற்றில் நிஜம் 27 சதவீதம்தான். இதை ஆலோசகர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் மூன்றாவது நாள் கொடியைக் கவனிப்பதையே விட்டுவிடுவார்கள். பிடிபடாத 20 குழந்தைகளைப் பற்றி அதைவிட உரக்கச் சொல்லுங்கள்.

அந்த 20 பேருக்காகத்தான் இரண்டு விதிகள். மாடல் யாரையும் முன்னே தள்ளலாம், பின்னே தள்ள எந்த வழியும் இருக்கக் கூடாது. காத்திருக்கும் நேரம் கூடக் கூட எல்லாருடைய முன்னுரிமையும் தானாக உயர வேண்டும். நிர்ணயித்த எல்லையைத் தாண்டினால், அது 15 நிமிடமானாலும் 20 நிமிடமானாலும், மதிப்பெண்ணைப் பார்க்காமல் அடுத்த இடம் அந்தக் குழந்தைக்கு. இது இல்லையென்றால், கூட்டமான இரவில் கொடி விழாத குழந்தை முடிவே இல்லாமல் நிற்கும்.

இன்னொன்று இதைவிட முக்கியம். நிறையக் குழந்தைகள் முதலில் எழுதுவது ‘ஹாய்’. அல்லது ‘யாராச்சும் இருக்கீங்களா’. மாடலுக்கு அதில் எதுவுமே கிடைக்காது, குறைந்த மதிப்பெண் போட்டுவிடும். தெரியவில்லை என்பதும் ஆபத்தில்லை என்பதும் வேறு வேறு. குறைந்த சொற்கள், புரியாத மொழிக் கலப்பு, வெறும் எமோஜி என்றால் மதிப்பெண் போடாமல் ‘தெரியவில்லை’ என்ற தனி நிலைக்கு அனுப்புங்கள். அவை அனைத்தையும் நடுத்தர அவசரமாகவே நடத்துங்கள்.

சொற்பட்டியலை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு மூன்று வாக்கியங்கள் போதும். ‘கேம்ல செத்துட்டேன்’ கொடியைத் தூக்கும். ‘என் ஃப்ரெண்டு சாகப்போறேன்னு சொல்றா’ என்பது எழுதும் குழந்தையின் ஆபத்தாகப் பதிவாகும். ‘நாளைக்கு எந்திரிக்காம இருந்தா நல்லாருக்கும்’ கண்ணில் படாமலே போகும். இப்படிப்பட்ட வாக்கியங்களை ஆலோசகர்களின் உதவியோடு ஒரு 150 எழுதித் தனிச் சோதனைத் தொகுப்பாக வைத்துக்கொள்ளுங்கள். மாடலை மாற்றும் ஒவ்வொரு முறையும் அதை ஓட்டுங்கள்.

குரலை எழுத்தாக்குவது

தொலைபேசி ஒலி பெரும்பாலும் 8 கிலோஹெர்ட்ஸில் பதிவாகிறது. பேச்சை எழுத்தாக்கும் மாடல்களில் பல 16-ஐ எதிர்பார்க்கின்றன. 8-ஐ 16 ஆக மாற்றிவிடலாம், இழந்த ஒலி திரும்பாது. குழந்தையின் குரல் உயரமானது, கிசுகிசுப்பாகவும் அழுகையோடும் வரும். பெரியவர்களின் குரலில் பழகிய மாடல் தடுமாறும். எல்லாவற்றையும்விட மோசம், விஸ்பர் போன்ற எழுத்தாக்க மாடல்கள் மௌனத்தில் இல்லாத வாக்கியங்களை உருவாக்கக்கூடியவை. மௌன அழைப்புகள் இத்தனை வரும் இடத்தில் குழந்தை சொல்லாததைச் சொன்னதாகப் பதிவாகும் என்பது சகிக்க முடியாதது. முதலில் பேச்சு இருக்கிறதா என்று கண்டறியும் கட்டத்தை வையுங்கள், பேச்சு இல்லாத துண்டுகளை மாடலிடம் கொடுக்கவே வேண்டாம். எழுத்தாக்கம் தேடுவதற்கு உதவும். ஆதாரமாக அதைச் சேமிக்காதீர்கள்.

குறிப்பைச் சுருக்கும் மொழி மாடல்கள்

ஒவ்வொரு பேச்சுக்குப் பிறகும் குறிப்பு எழுத 10 நிமிடத்துக்கு மேல் போகிறதென்றால் அதைப் பாதியாக்குவது நிஜமான உதவி. ஆனால் அந்தக் குறிப்பு ஒருநாள் நீதிமன்றத்துக்குப் போகலாம். ‘மாமா என்னைத் தொடுறாங்க, எனக்குப் பிடிக்கல’ என்று குழந்தை சொன்னதை ‘பாலியல் துன்புறுத்தல் இருப்பதாகக் குழந்தை தெரிவித்தது’ என்று மாடல் மெருகேற்றினால், குழந்தையின் சொல் தொலைந்து, அது சொல்லாத முடிவு ஏறிவிடுகிறது. குழந்தையின் முக்கியச் சொற்கள் மேற்கோளுக்குள் அப்படியே வர வேண்டும். அந்த மேற்கோள் மூல உரையில் எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று ஒரு சாதாரண நிரல் சரிபார்க்க வேண்டும். இல்லாததை நீக்கி ஆலோசகருக்குச் சிவப்பில் காட்டுங்கள்.

பதில் எவ்வளவு மாறலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் டெம்பரேச்சரை 0 வைத்தால் கற்பனை நின்றுவிடும் என்பது பொய்யான ஆறுதல். அது ஒரே பதிலைத் திரும்பத் திரும்பத் தர உதவும், சரியான பதிலைத் தர உதவாது. வெளி நிறுவனங்களின் மாடல்களில் இன்னொரு சிக்கல்: அவற்றின் பாதுகாப்பு வடிகட்டி, குழந்தை மீதான வன்முறை பற்றிய உரையைக் கண்டதும் பதில் தர மறுக்கலாம், அல்லது அந்தப் பகுதியை மட்டும் மென்மையாக்கித் தாண்டிப் போகலாம். மிகக் கடுமையான உரையாடல்களின் குறிப்புதான் அப்போது வெறுமையாக வரும். வாரம் 50 குறிப்புகளை எடுத்து, இல்லாததைச் சேர்த்தவை எத்தனை, இருந்ததை விட்டவை எத்தனை என்று தனித்தனியாக எண்ணுங்கள். இரண்டாவது எண் முதலாவதைவிட மோசமானது. ஆலோசகர் ஒரு சொல்லும் மாற்றாமல் ஏற்கும் குறிப்புகளின் விகிதத்தையும் பாருங்கள். அது திடீரென்று ஏறினால் மாடல் மேம்பட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள், சோர்வில் படிக்காமல் அழுத்துகிறார்களா என்று பாருங்கள்.

குழந்தைகளின் உரையாடலில் ஃபைன் ட்யூன் செய்த, அதாவது கூடுதலாகப் பயிற்றிய மாடல், அந்த வாக்கியங்களை அப்படியே திருப்பிச் சொல்லக்கூடும். அந்த மாடல் கோப்பையே உரையாடல் டேட்டாவாகக் கருதிப் பூட்டி வையுங்கள்.

குழந்தையோடு நேராகப் பேசும் சாட்பாட்

வேண்டாம். நிர்வாகம் கேட்டால் சுட்டிக்காட்ட ஒரு நிகழ்வு இருக்கிறது. 2023 மே மாதம் அமெரிக்காவின் தேசிய உணவுக்கோளாறு சங்கம், டெஸ்ஸா என்ற தன் சாட்பாட்டை நிறுத்தியது. உணவுக்கோளாறுக்கு உதவி தேடி வந்தவர்களிடம் அது எடை குறைக்கும் யோசனைகளைச் சொன்னதாகப் புகார் எழுந்திருந்தது. அதே தொழில்நுட்பத்தை எதிர்ப்பக்கம் திருப்பினால் நல்ல பயன் உண்டு. இளைஞர்களின் தற்கொலையைத் தடுக்க உழைக்கும் ட்ரெவர் ப்ராஜெக்ட் என்ற அமெரிக்க அமைப்பு 2021-இல் அறிமுகப்படுத்திய கருவியில் மாடல் ‘ரைலி’ என்ற கற்பனை இளைஞராகப் பேசுகிறது, பயிற்சியில் இருக்கும் ஆலோசகர் அதோடு பேசிப் பழகுகிறார். தவறு செய்தாலும் எந்தக் குழந்தைக்கும் காயம் இல்லை.

டேட்டாவை வேறு எதற்குப் பயன்படுத்துவது என்பதிலும் ஒரு பாடம் உண்டு. குறுஞ்செய்தி வழியாக நெருக்கடி உதவி தரும் அமெரிக்காவின் க்ரைசிஸ் டெக்ஸ்ட் லைன், பெயர் நீக்கிய உரையாடல் டேட்டாவை லோரிஸ் என்ற லாப நோக்கு நிறுவனத்துடன் பகிர்ந்தது வெளியே வந்ததும், கடும் எதிர்ப்புக்குப் பின் 2022 ஜனவரியில் பகிர்வை நிறுத்தியது. பெயரை நீக்கியிருந்தது விமர்சகர்களைச் சமாதானப்படுத்தவில்லை. இதற்காகவா நான் பேசினேன் என்று குழந்தை கேட்கும் இடத்தில் நீங்கள் நிற்கக் கூடாது. சாட் தொடங்கும் பக்கத்தில், பத்து வயதுக் குழந்தைக்குப் புரியும் இரண்டு வரியில் கணினி என்ன செய்கிறது என்று எழுதுங்கள். வேண்டாம் என்று சொல்லும் குழந்தைக்கும் அதே வரிசை, அதே கவனிப்பு கிடைக்க வேண்டும்.

நடைமுறைக்குக் கொண்டுவருவது

முதலில் நிழலில் ஓட்டுங்கள். மாடல் மதிப்பெண் போடட்டும், யாருக்கும் காட்ட வேண்டாம். குறைந்தது 8 வாரம், அதற்குள் ஒரு தேர்வுக் காலமோ விடுமுறையோ வர வேண்டும். வாரம் ஒருமுறை இரண்டு ஆலோசகர்களோடு உட்கார்ந்து, அது தவறவிட்டவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். வயது, மொழி, பாலினம், தொடர்பு வழி என்று பிரித்துப் பார்க்கும்போது சிறிய எண்கள் ஏமாற்றும். ஒரு பிரிவில் 30 அவசரத் தொடர்புகளில் ஒன்றையும் தவறவிடவில்லை என்றாலும், நிஜத் தவறு 10 சதவீதம் வரை இருக்கலாம். ‘இந்தப் பிரிவில் போதிய ஆதாரம் இல்லை’ என்று அறிக்கையில் எழுதத் தயங்காதீர்கள்.

பிறகு அளக்க வேண்டியது, மாடல் எவ்வளவு நன்றாகப் பிரித்தறிகிறது என்று காட்டும் ஏயூசி அல்ல. அதி அவசரமான குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேரை எத்தனை நிமிடத்துக்குள் எடுத்தோம்? அவர்களில் எத்தனை பேர் காத்திருந்து விலகினார்கள்? கொடி விழாதவர்களின் காத்திருப்பு கூடியதா? மூன்றாவது எண் கூடியிருந்தால் யார் விலை கொடுக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

மதிப்பெண்ணைப் பார்த்த ஆலோசகர் அதன் சாயலில்தான் குறிப்பார். அந்த லேபிளில் மாடலை மறுபடி பயிற்றினால் அது தன் குரலையே கேட்டுப் பழகும். மாதம் 100 உரையாடல்களை மதிப்பெண் பார்க்காத ஒருவர் குறிக்கட்டும், சோதனைக்கு அவற்றையே வையுங்கள். மொழி மாறுவதையும் அப்போதே பிடிக்கலாம். குழந்தைகள் புதுச் சொல்லுக்கு மாறுவதற்குச் சில மாதங்கள் போதும்.

நிறுத்தும் பொத்தான் ஒன்று வேண்டும். ஷிப்ட் மேற்பார்வையாளர் உங்களைக் கேட்காமல் அதை அழுத்தலாம், அழுத்தியதும் வரிசை வந்த வரிசைப்படி ஓட வேண்டும். மாடல் 2 நொடியில் பதில் தராவிட்டாலும் அப்படியே. மாதம் ஒருமுறை அமைதியான நேரத்தில் அழுத்திச் சோதியுங்கள்.

படிப்பவருக்கு

இந்த உரையாடல்களைப் படிப்பவர் நீங்கள். ஆலோசகருக்கு ஒரு பேச்சு முடிந்தால் மேற்பார்வையாளரிடம் சொல்லி இறக்கிவைக்க நேரம் இருக்கிறது, ஒரு குழந்தைக்கு உதவினோம் என்ற நிறைவும் இருக்கிறது. உங்களுக்கோ ஒரே பிற்பகலில் 80 உரையாடல்கள், எதிலும் எதுவும் செய்ய முடியாத நிலை. இது உடம்பில் ஏறும். தூக்கம் கெடும், அல்லது எதுவுமே உறைக்காமல் மரத்துப்போகும். இரண்டாவதும் அறிகுறிதான்.

ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் மூல உரையைப் படிக்காதீர்கள். காலையில் படியுங்கள், வேலை முடியும் கடைசி மணி நேரத்தில் வேண்டாம். வீட்டிலிருந்து வேலை செய்யும் நாளில் திறக்கவே வேண்டாம். 1,000 லேபிள் வேண்டும் என்றால் வாரக் கணக்கில் திட்டமிடுங்கள், நாள் கணக்கில் அல்ல. ஆலோசகர்களுக்கு இருக்கும் அதே மேற்பார்வை அமர்வை உங்களுக்கும் கேளுங்கள். தொழில்நுட்ப ஆளுக்கு எதற்கு என்று கேட்டால், எத்தனை உரையாடல்கள் படித்தீர்கள் என்ற எண்ணிக்கையைக் காட்டுங்கள். அந்த அமர்வுக்கான நேரத்தை ப்ராஜெக்ட் அட்டவணையிலேயே, மாடல் பயிற்சிக்கு ஒதுக்கும் நேரத்துக்குப் பக்கத்தில், முதல் வாரமே எழுதிவிடுங்கள்.